பரண் மேல கிடக்கிற அந்த வீடியோ கேசட்டை என்ன செய்யப் போறீங்க?

இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் இல்லை. ஒரு வீடியோ கேசட் கதை. கொஞ்சம் நீளமான திரெட். ஞாயிற்றுக்கிழமைதானே, டீயை எடுத்துக்கிட்டு பொறுமையா படிங்க. கடைசியில் உங்களுக்கு ஒரு வேலையும் இருக்கு.

போன மாதம் ஓபியில் ஒரு அம்மா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். (அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.) கால் புண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங்குக்கு வருபவர். அன்றைக்குக் கட்டு போட்டு முடித்ததும் எழுந்து போகாமல் மஞ்சப்பைக்குள் கையை விட்டார். மாத்திரைச் சீட்டை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். எடுத்தது ஒரு வீடியோ கேசட்.

"அய்யா, நீங்க படிச்ச புள்ள. இத டிவில போட்டுப் பாக்க ஏதாச்சும் வழி இருக்கா? எங்க வீட்டுக்காரரு இதுக்குள்ள பேசுறாரு."

செல்போன் கடை, கம்ப்யூட்டர் கடை என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறார். ஒரு கடையில் பையன் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தானாம்.

வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. சிஸ்டர் "சார், அடுத்த பேஷண்ட்" என்றார். ஆனால் என் கை அதற்குள் கேசட்டை வாங்கி, முதுகுப் பக்கம் திருப்பி, ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டது. பல் உடைக்கப்படாமல் அப்படியே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது.

ஏன் திக்கென்றது என்று சொல்ல, நான் 2000-ஆம் வருஷம் மே மாதத்துக்குப் போகணும்.

அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு 'டெக்' என்றால் தெரியாது. வீடியோ கேசட்டைப் போட்டு டிவியில் படம் பார்க்க வைக்கும் பெட்டி. நம்ம ஊரில் அதற்கு டெக் என்றுதான் பேர். "டிவி, டெக் வாடகைக்கு விடப்படும்" என்று போர்டு தொங்கும். பொங்கலுக்கோ காதுகுத்துக்கோ ராத்திரி எடுத்துவந்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டி, காலையில் கண் சிவக்கத் திருப்பிக் கொடுப்பார்கள்.

அந்த டெக்கில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று விசிபி. படம் காட்டும், அவ்வளவுதான். இன்னொன்று விசிஆர். படமும் காட்டும், பதிவும் செய்யும். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்குங்க. கதைக்கு முக்கியம்.

நாம பார்த்த பெரிய கேசட்டுக்கு விஎச்எஸ் என்று பெயர். ஜப்பானில் 1976-ல் ஜேவிசி கம்பெனி கொண்டுவந்தது. உள்ளே அரை அங்குல அகலத்தில் காந்தப் பூச்சு பூசிய நாடா. இ-180 என்று போட்டிருந்தால் நம்ம ஊர் டெக்கில் மூன்று மணி நேரம் ஓடும்.

எங்க வீடு அருப்புக்கோட்டை. எங்க வீட்டில் இருந்தது விசிஆர். அம்மாவின் அண்ணன், என் மாமா, சவுதியிலிருந்து 1993-ல் கொண்டுவந்தது. தெருவில் எங்களுக்குத் தனி மரியாதை.

அந்த டெக்கில் ஆயிரம் படம் ஓடியிருக்கும். ஆனால் வீட்டில் சொந்தமாக இருந்த கேசட் ஒன்றே ஒன்று. 1986-ல் நடந்த அப்பா அம்மா கல்யாணம். எங்க சொந்தத்தில் முதன்முதலாக வீடியோ எடுத்த கல்யாணம் அதுதான். அதற்கும் மாமாதான் பணம் கொடுத்தார்.

அந்தக் கேசட்டில் எங்க அம்மாச்சி இருந்தாங்க. அம்மாவைப் பெற்றவங்க. நான் பிறந்த எட்டாவது மாதம் இறந்துட்டாங்க. எனக்கு முகம் ஞாபகமில்லை. வீட்டில் இருந்த போட்டோவும் ஒன்றுதான். ஸ்டூடியோவில் விறைப்பா நின்று, சிரிக்காமல் எடுத்தது. அம்மாச்சி நடக்கிறதை, திரும்புறதை, பேசுறதைப் பார்க்கணும்னா அந்தக் கேசட்தான்.

அம்மா வருஷத்துக்கு ஒருதரம், அம்மாச்சி திதியன்னைக்கு, மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அந்தக் கேசட்டைப் போடுவாங்க. கல்யாணம் முழுவதும் பார்க்க மாட்டாங்க. பொண்ணு அலங்காரம் நடக்கிற இடம் வரும். அம்மாச்சி பின்னால் நின்று அம்மாவுக்குத் தலைநிறையப் பூ வைப்பாங்க. அதை ரிவைண்ட் பண்ணி ரெண்டு மூணு தரம் பார்த்துட்டு, கேசட்டை வெளியே எடுத்து, சேலைத் தலைப்பால துடைச்சு பீரோவில் வச்சிடுவாங்க.

சரி. 2000, மே மாதம். எனக்குப் பன்னிரண்டு வயது. மாமா லீவில் வந்திருந்தார். இரண்டு நாளில் பிளைட். "தங்கச்சி கல்யாணக் கேசட்டை ஒரு காப்பி போட்டுக் குடுங்க, நானும் அங்க வச்சு அம்மாவைப் பாத்துக்கிறேன்" என்றார்.

வீடியோ கடையில் காப்பி போட்டுக் கொடுப்பார்கள். ஆனால் கேசட்டைக் கடையில் விட்டுவர அம்மாவுக்கு மனசில்லை. அதனால் கடையிலிருந்து இன்னொரு விசிஆரை வாடகைக்கு எடுத்துவந்து, வீட்டிலேயே காப்பி போடலாம் என்று முடிவாச்சு. யார் போடுவது? வீட்டில் 'வயர் எக்ஸ்பர்ட்' நான்தான். டேப்ரிக்கார்டரைப் பிரித்து மாட்டுவேன் என்று ஊருக்கே தெரியும். மாமா தோளில் தட்டி, "நீ பாத்துக்க மாப்ள" என்றார். பன்னிரண்டு வயதில் அதைவிடப் பெரிய பட்டம் வேண்டுமா?

இரண்டு டெக்கை டிவியோடு சேர்ப்பது பெரிய வித்தை இல்லை. ரத்தம் ஏற்றுகிற மாதிரிதான். ஒருத்தர் கொடுப்பவர், ஒருத்தர் வாங்குபவர். ஒரிஜினல் இருக்கும் டெக் கொடுப்பவர். அதன் பின்பக்கம் 'அவுட்' என்று எழுதிய ஓட்டைகளிலிருந்து இரண்டு வயர் கிளம்பணும். மஞ்சள் பின் படத்துக்கு, வெள்ளைப் பின் சத்தத்துக்கு. அவை காலிக் கேசட் இருக்கும் டெக்கின் 'இன்' ஓட்டைகளுக்குப் போகணும். அந்த இரண்டாவது டெக்கின் 'அவுட்' டிவிக்குப் போகணும். தருகிறவன் அவுட், வாங்குகிறவன் இன், டிவி எப்பவும் வாங்குகிறவன் பக்கம். அப்படி மாட்டினால், எது பதிவாகப் போகிறதோ அதைத்தான் டிவியில் பார்ப்பீர்கள். தப்பு நடந்தால் உடனே கண்ணில் படும்.

நான் முதல் இரண்டையும் சரியாகச் செய்தேன். மூன்றாவதைச் செய்யவில்லை. டிவி எப்பவும் போல எங்க டெக்கோடவே இணைஞ்சிருந்தது. அதை ஏன் கழற்றணும் என்று விட்டுட்டேன். கை நுழைய இடமில்லை என்று கேபிள் டிவி வயரை மட்டும் பிடுங்கிக் கீழே போட்டேன்.

ஒரிஜினலை எங்க டெக்கில் போட்டேன். காரணம் இருந்தது. வாடகை டெக்கில் ஹெட் அழுக்கா இருக்கும், நாடாவை இழுத்துச் சிக்க வச்சிடும் என்று பயம். காலிக் கேசட்டை வாடகை டெக்கில் போட்டேன். முதலில் சும்மா ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம் என்று ரிமோட்டை எடுத்து ரெக்கார்டு பட்டனை அழுத்தினேன்.

வாடகை டெக்குக்கு ரிமோட் கொடுக்கவில்லை. என் கையில் இருந்தது எங்க டெக்கின் ரிமோட்.

புரிந்தவர்கள் இப்பவே தலையில் கை வச்சிருப்பீங்க.

டிவியில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்தது. கல்யாணம் வரவில்லை. சரி, வயர் லூஸ் போல என்று நினைச்சேன். டிவிக்குப் பின்னால் போய் வயரை அசைத்தேன். பிடுங்கி மாட்டினேன். எச்சில் தொட்டுத் துடைத்து மாட்டினேன். மஞ்சளை வெள்ளையில் மாட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த அக்காதான் கேட்டாள்: "டேய், செவப்பா ஒரு லைட் எரியுதே, அது என்னது?"

எட்டிப் பார்த்தேன். எரிந்தது எங்க டெக்கில்.

நான் வயரை ஆட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் எங்க டெக் அதுபாட்டுக்கு அந்தப் புள்ளி இரைச்சலை அம்மா கல்யாணத்துக்கு மேலே பதிவு செய்துகொண்டிருந்தது. வீடியோ நாடா ரெக்கார்டில் ஓடும்போது முதலில் அழிக்கிற ஹெட்டைத் தாண்டித்தான், நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றும் அந்தப் பளபள உருளைக்குப் போகும். அழிக்கிற ஹெட் யார் கல்யாணம் என்று கேட்காது. அது கடந்துபோன இடம் போனதுதான். எந்தக் கடையிலும் மீட்டுத் தர முடியாது.

பிறகு கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நாலு நிமிஷம் பத்து வினாடி.

மூன்று மணி நேரக் கேசட்டில் நாலு நிமிஷம்தானே என்று தோன்றும். கேசட்டை நான் ரிவைண்ட் செய்யவில்லை. கடைசியாகப் பார்த்தவர் நிறுத்திய இடத்திலிருந்துதான் அழிந்தது. கடைசியாகப் பார்த்தது அம்மா. எங்கே நிறுத்துவாங்க என்று மேலே சொல்லியிருக்கேன். அம்மாச்சி பூ வைக்கப் பின்னால் வந்து நிற்கிற இடம். அதிலிருந்து நாலு நிமிஷம்.

அதற்குப் பிறகு தாலி கட்டு, பந்தி, மொய் எல்லாம் இருக்கு. அம்மாச்சி மட்டும் இல்லை. பந்தியில் பரிமாற ஓடிக்கொண்டிருந்தவங்களை வீடியோக்காரர் வேறெங்கும் எடுக்கவே இல்லை.

அம்மா அடுப்படியில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாங்க. அக்கா போய்ச் சொன்னாள். கையில் மாவோடு வந்து நின்று டிவியைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. அடிப்பாங்க என்று நினைச்சேன். "சரி விடு. மாமாவுக்கு முறுக்குப் பொட்டலம் கட்டணும், வா" என்று உள்ளே போயிட்டாங்க. மாமாவும் "விடு மாப்ள" என்றார். முறுக்கோடு பிளைட் ஏறினார், கேசட் இல்லாமல்.

அடுத்த திதிக்கு அம்மா டெக்கைத் தொடவே இல்லை. அதற்கு அடுத்த வருஷமும் இல்லை. அடி வாங்கியிருந்தால் மறந்திருப்பேன்.

சரி, இதில் மருத்துவம் எங்கே வருது? வருது.

பயிற்சி மருத்துவராக வார்டில் நின்ற முதல் வாரம். மானிட்டரில் ஒரு நோயாளியின் இதய அலை திடீரென்று தட்டையாகிவிட்டது. நான் ஓடிப்போய் நெஞ்சில் ஒட்டியிருந்த வயரை அசைக்க ஆரம்பித்தேன். என் சீனியர் என் கையைத் தட்டிவிட்டு நோயாளியின் கழுத்தில் நாடி பார்த்தார். "முதல்ல பேஷண்ட். அப்புறம்தான் வயர்" என்றார். அன்றைக்கு வயர்தான் கழன்றிருந்தது, நோயாளிக்கு ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு நடு வார்டில் அந்தச் சிவப்பு லைட் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வயதில் நான் செய்ததும் இதேதான். படம் வரவில்லை என்றதும் வயரைப் பார்த்தேன். கேசட்டைப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டரில் ஒரு பட்டியல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், 19 கேள்விகள். மயக்க மருந்து கொடுக்கும் முன் ஒருதரம், கத்தி வைக்கும் முன் ஒருதரம், தியேட்டரை விட்டுக் கிளம்பும் முன் ஒருதரம் நின்று, வாய்விட்டுக் கேட்கணும். இவர்தானா அந்த நோயாளி? இந்தக் கால்தானா? "இது தெரியாதா, இதுக்கெல்லாமா லிஸ்ட்" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. நான் சலித்துக்கொண்டதே இல்லை. எது கொடுக்கிற டெக், எது வாங்குகிற டெக் என்று ஒருதரம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் எங்க அம்மாச்சி இருந்திருப்பாங்க.

இப்போ 2023-க்கு வருவோம்.

அப்பாவின் அண்ணன், எங்க பெரியப்பா, அந்த வருஷம் தவறினார். ஒரு நிலப் பிரச்சினையில் அவங்க வீட்டுக்கும் எங்களுக்கும் இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல் பேச்சுவார்த்தை இல்லை. சாவுக்குப் போனோம். போனதில் பேச்சு திரும்ப ஆரம்பிச்சது. இரண்டு மாதம் கழிச்சுப் பெரியப்பா மகன் போன் பண்ணார். "தம்பி, பரண் மேல ட்ரங்குப் பெட்டியில ஒரு கேசட் கெடக்கு. சித்தப்பா கல்யாணம்னு எழுதியிருக்கு. வேணுமா, குப்பையில போட்டுறவா?"

மாப்பிள்ளை வீட்டுக்கு என்று வீடியோக்காரர் 1986-லேயே ஒரு காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். சண்டையில் இருந்த வீடு என்பதால் எங்களில் யாரும் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி டூட்டி. காலையில் முடிச்சு நேரே பஸ் ஏறினேன்.

கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தேன். நாடாச் சுருளின் ஓரம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொடி. பூஞ்சை. அதை அப்படியே டெக்கில் போட்டால் என்னாகும் தெரியுமா? நாடா கிழியலாம். அது போக, பூஞ்சை டெக்கின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் தொற்றிவிடும். கை கழுவாமல் அடுத்த நோயாளியைத் தொடுகிற டாக்டர் மாதிரி.

முதுகுப் பக்கம் திருப்பினேன். அந்தச் சின்னப் பல் உடைக்கப்பட்டிருந்தது.

விஎச்எஸ் கேசட்டில் அந்தப் பல்லை உடைத்துவிட்டால் எந்த டெக்கிலும் ரெக்கார்டு பட்டன் வேலை செய்யாது. தெரியாமல் அழுத்தினாலும் அழியாது. திரும்பப் பதிவு செய்யணும்னா அந்தப் பள்ளத்தின் மேல் ஒட்டுநாடா ஒட்டணும். முகம் தெரியாத அந்த வீடியோக்காரர் 1986-ல் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு வினாடியில் செய்த வேலை. அதை எங்க வீட்டுக் கேசட்டிலும் செய்திருந்தால் இந்தத் திரெட்டே இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. நான் அதைப் பார்த்திருக்கணும்.

எங்க ஊரில் வயதான டிவி மெக்கானிக் ஒருத்தர் இருக்கார். இப்போ வேலை கம்மி. ஆனால் பழைய டெக் இரண்டை ஓடுகிற நிலையில் வச்சிருக்கார். அவர் கேசட்டின் திருகுகளைக் கழற்றி, உருளைகளை எடுத்து, முகமூடி போட்டுக்கொண்டு, நாடாவை மெல்லிய துணியில் ஓடவிட்டுத் துடைத்து, வேறொரு கூட்டுக்குள் மாற்றினார். அதற்கே ஒரு முழு நாள். அந்தப் புதுக் கூட்டிலும் முதலில் பல்லை உடைக்கச் சொன்னேன். "டாக்டர் ரொம்பத்தான் பயப்படுறீங்க" என்றார். ஆமாங்க, பயம்தான் என்றேன்.

பிறகு டெக்கின் அவுட்டிலிருந்து மஞ்சள், வெள்ளை வயர்கள். அவை ஒரு சின்ன கேப்சர் கருவிக்குள் போய், அங்கிருந்து யுஎஸ்பி வழியாக என் லேப்டாப்புக்கு. தருகிறவன் அவுட், வாங்குகிறவன் இன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாட்டினேன். மெக்கானிக் சிரித்தார்.

படம் வந்தது. சுமாராகத்தான் வந்தது. காரணம் இருக்கு. விஎச்எஸ் படமே அவ்வளவு கூர்மை கிடையாது. அதைக் காப்பி எடுத்தால் இன்னும் மங்கும், நிறம் கோட்டைத் தாண்டி வழியும். கல்யாண வீடியோக்கள் இரண்டு டெக்கை வைத்து எடிட் செய்து, பாட்டு சேர்த்துக் கொடுக்கப்பட்டவை. அதனால் நாங்கள் ஒரிஜினல் என்று பொத்தி வைத்திருந்ததே ஒரு காப்பிதான். பெரியப்பா வீட்டில் இருந்தது அந்தக் காப்பியின் காப்பி. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த ஈசிஜி மாதிரி. அலை இருக்கும், கட்டம் தெரியாது.

லேப்டாப்பை எடுத்துப்போய் அம்மா முன்னால் வைத்தேன். என்ன என்று சொல்லவில்லை. பொண்ணு அலங்காரம் வந்தது. படத்தின் அடியில் ஒரு கோடு ஆடிக்கொண்டே இருந்தது. பச்சைப் பட்டு சாம்பல் கலரில் தெரிந்தது. ஒரு உருவம் பின்னால் வந்து நின்றது. முகம் என்று சொல்லத்தக்க அளவுக்குத் தெளிவு இல்லை. கையில் பூச்சரம் இருப்பது மட்டும் தெரிந்தது. காமிராவைப் பார்த்து ஏதோ சொன்னாங்க. மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"சாரிம்மா. முகமே தெரியல" என்றேன்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கம்மா மூஞ்சி எனக்குத் தெரியாதாடா" என்றாங்க. அப்புறம், "லைட்டைக் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்புங்க தம்பி, புள்ளைக்கு வேர்க்குது, அப்படீங்கிறாங்க" என்றாங்க. அந்தக் காலத்து வீடியோ லைட் அடுப்பு மாதிரி சுடும்.

மூன்று தரம் பார்த்தாங்க. பிறகு சொன்னதுதான் எனக்கு மறக்காது. "அன்னைக்கு நான்தான ரிவைண்ட் பண்ணாம வச்சேன். ஒழுங்கா ஆரம்பத்துல கொண்டுபோய் வச்சிருந்தா எழுத்து ஓடுற எடம்தான போயிருக்கும். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்."

இருபத்தி மூன்று வருஷம். நான் என் தப்பு என்று நினைச்சிட்டிருந்தேன். அவங்க தன் தப்பு என்று நினைச்சிட்டிருந்திருக்காங்க. ஒரே வீட்டில்.

மாமாவுக்கு வாட்சப்பில் அனுப்பினேன். பதில் வர ஒருநாள் ஆச்சு. "வந்துருச்சு மாப்ள" என்று மட்டும் அனுப்பியிருந்தார்.

சரி நண்பர்களே, இப்போ உங்க வேலை. உங்க வீட்டுப் பரணிலோ பீரோவிலோ கேசட் இருந்தால்:

1) இந்த மாதமே எடுத்துப் பாருங்க. அவசரம் இருக்கு. ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் வீடியோ டெக் தயாரிப்பை நிறுத்தியது. கடைசிவரை செய்துகொண்டிருந்தது அவங்கதான். 2019-ல் யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து, காந்த நாடாக்களைக் காப்பாற்ற 2025 வரைதான் நேரம் என்று எச்சரித்தார்கள். நாடா அழிவதற்கு முன்னாடியே ஓட்டுகிற மெஷினும் ஸ்பேர் பார்ட்ஸும் தெரிந்த ஆளும் இல்லாமல் போவார்கள் என்பதுதான் காரணம். ஆனாலும் தேடினால் இன்னும் ஆள் கிடைக்கிறார்கள். பழைய டிவி மெக்கானிக், பழைய கல்யாண ஸ்டூடியோ என்று விசாரியுங்க.

2) முதலில் ஜன்னல் வழியே பாருங்க. வெள்ளைப் பொடி இருந்தால் டெக்கில் போடாதீங்க. வீசிங், ஆஸ்துமா இருக்கிறவங்க கையில் எடுக்கவே வேண்டாம். மற்றவங்க மாஸ்க் போட்டுக்குங்க.

3) முதுகுப் பக்கப் பல்லை உடைங்க. ஸ்க்ரூ டிரைவர் போதும். மற்ற எல்லாம் பிறகு.

4) ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து நீங்களே ஹெட்டைச் சுத்தம் செய்யாதீங்க. பஞ்சு நூல் மாட்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். தெரிந்தவர் செய்யட்டும்.

5) டிவியில் போட்டுப் பார்க்கணும்னா, டெக்கின் அவுட்டிலிருந்து டிவியின் ஏவி இன். புது டிவி பலதில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டை இருக்காது. ஏவி என்று எழுதிய ஒரே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதற்கு ஒரு இணைப்பு வயர் தனியாகக் கிடைக்கும்.

6) ஆனால் சும்மா போட்டுப் பார்க்காதீங்க. முதல்தரம் ஓட்டும்போதே பதிவு செய்துடுங்க. பழைய நாடாவுக்கு ஒவ்வொரு ஓட்டமும் தேய்மானம்தான். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது.

7) அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரங்க அனுப்பிய கேசட் என்றால் அது என்டிஎஸ்சி முறையில் இருக்கும். நம்ம ஊர் பால் முறை. இரண்டும் ஓடுகிற டெக்காகப் பாருங்க.

8) காப்பி எடுத்ததும் இரண்டு வீட்டில் வையுங்க. ஒன்று உங்களோடு பேசாத சொந்தக்காரர் வீடாக இருந்தாலும் பரவாயில்லை. எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

டாக்டராக இன்னொன்று. ஈசிஜி ரிப்போர்ட்டையும் இதே மாதிரி நினையுங்க. பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகிற தாளில்தான் தருகிறார்கள். நாளாக நாளாக வெளுத்துப்போகும். சூடு வைத்து லேமினேஷன் போட்டால் கருத்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்க, போனில் படம் பிடிங்க. பழைய ஈசிஜி கையில் இருந்தால், நெஞ்சுவலி என்று வரும்போது எது புதுசு, எது பழசு என்று எங்களால் பார்க்க முடியும்.

கடைசியாக அந்தக் கால் புண் அம்மா. கேசட்டை அன்றைக்கே, அவர் கண் முன்னாலேயே, தையல் பிரிக்கிற கத்தரி நுனியால் பல்லை உடைத்துவிட்டு வாங்கி வைத்தேன். மெக்கானிக் துடைத்து ஓட்டினார். கோயில் திருவிழா. அவர் வீட்டுக்காரர் மைக் பிடித்து நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை வாசிக்கிறார். பதினோரு நிமிஷம். வேறொன்றும் பேசவில்லை. ஊர்க்காரர்கள் பெயரும் தொகையும் மட்டும்தான்.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த டிரெஸ்ஸிங்குக்கு வந்தபோது கேட்டேன், பார்த்தீங்களா அம்மா என்று.

"பேரன் டிவில போட்டான்யா. மனுசன் எங்க அண்ணன் பேரத் தப்பா வாசிச்சுப்புட்டாரு. அன்னைக்கே சண்ட போட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டே காலை நீட்டினார்.

புண் நன்றாக ஆறிக்கொண்டு வருகிறது.

பரணைப் பாருங்க நண்பர்களே.